பரங்கிக்காயே பூச்சாடி: இலையுதிர்கால மலர் அலங்காரத்துக்கு முழுமையான வழிகாட்டி

பரங்கிக்காயைக் குடைந்து, அதில் பூக்களை அடுக்கி மேசை நடுவே வைப்பது வட அமெரிக்க வீடுகளில் இலையுதிர்கால வழக்கம். கனடாவில் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமையும், அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையும் வரும் நன்றியறிதல் நாள் விருந்துக்கு இதைச் செய்யாத பூக்கடை இல்லை. வீட்டிலும் செய்யலாம். கடினமான வேலை எதுவும் இதில் கிடையாது.

இருந்தும் புதிதாகச் செய்கிறவர்களின் அலங்காரம் பெரும்பாலும் விருந்துக்கு முன்பே தொங்கிவிடுகிறது. கைத்திறன் போதாததால் அப்படி ஆவதில்லை. வரிசை தவறுவதால்தான் ஆகிறது. ஆசையோடு காயை முதலில் வெட்டிவிடுகிறார்கள். பிறகு பூ வாங்கப் போகிறார்கள். கடைசியில், தண்ணீரை எதில் ஊற்றுவது என்று யோசிக்கிறார்கள். இந்த மூன்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். தண்ணீர் நிற்கும் பாத்திரம் முதலில், பூ அடுத்து, காய் கடைசியில். கத்தி பட்ட நேரத்திலிருந்து காய் அழுகத் தொடங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

1. விருந்து நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

வெட்டாத பரங்கிக்காய் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் கெடாமல் இருக்கும். வெட்டிய காய், சூடான வீட்டுக்குள் நான்கைந்து நாள்தான் தாங்கும். நன்றாகச் சுத்தம் செய்து குளிர்ந்த அறையில் வைத்தால் ஒரு வாரம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

விருந்து ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்வோம். காயை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடலாம். பூக்களை வெள்ளிக்கிழமை மாலை வாங்கி, இரவு முழுவதும் தண்ணீரில் நிறுத்தி வைக்க வேண்டும். காயைச் சனிக்கிழமை மாலை வெட்டிக் குடைந்து, இரவில் உலர விட வேண்டும். ஞாயிறு காலை அடுக்க வேண்டும். இந்தக் கணக்கில் பூவும் காயும் விருந்து நேரத்தில் நல்ல நிலையில் இருக்கும். அடுத்த மூன்று நாளுக்கும் மேசையில் நிற்கும்.

2. காயைத் தேர்ந்தெடுத்தல்

கடை வாசலில் குவிந்திருக்கும் பெரிய ஆரஞ்சுக் காய்கள் ஹாலோவீனுக்காக முகம் செதுக்க விளைவிக்கப்பட்டவை. அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளே நார் அதிகம், சீக்கிரம் தளர்ந்துபோகும். மேசை அலங்காரத்துக்கு அவற்றின் உயரமும் கூடுதல். வாசற்படியில் வைக்கும் பெரிய அலங்காரத்துக்கு மட்டும் அவை சரி.

முதல் முறை செய்கிறவர்கள் இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று விற்கும் சிறிய 'சுகர் பம்ப்கின்' வகையை எடுங்கள். ஒன்றரை முதல் மூன்று கிலோ வரை எடை, உருண்டை வடிவம், கெட்டியான சதை. ஒரு ஆள் எளிதாகத் தூக்கலாம். வெட்டும்போது எடுக்கும் சதையும் சமையலுக்கு நன்றாக இருக்கும்.

கொஞ்சம் பழகிய பிறகு வேறு வகைகளுக்குப் போகலாம். 'சிண்ட்ரெல்லா' என்று விற்கும் தட்டையான செம்மஞ்சள் காய், சாம்பல் நீலத்தில் வரும் 'ஜாரடேல்', வெள்ளைத் தோல் கொண்ட 'லூமினா' ஆகியவை பார்க்க மிகவும் அழகானவை. ஆனால் சிண்ட்ரெல்லா, ஜாரடேல் இரண்டுக்கும் சுவர் தடிமன் அதிகம். வெளியே அகலமாகத் தெரியும் காய்க்குள் இடம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதற்கேற்ற சிறிய பாத்திரம் வேண்டும்.

வாங்கும்போது காயைச் சமதளத்தில் வைத்து, விரலால் மேலே லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அடியைத் தட்டையாகச் சீவிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சீவிய அடிதான் முதலில் நீர் விட்டு மேசையைக் கெடுக்கும். அடுத்து, மண்ணில் படிந்திருந்த வெளிறிய பக்கத்தையும் அடிப்பாகத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்கேனும் அமுங்கினால் உள்ளே அழுகல் இருக்கிறது. நகத்தால் கீறினாலும் தோல் எளிதில் பிளக்கக் கூடாது.

காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடம் வழியாகவே பூஞ்சை உள்ளே போகும். ஆனால் ஓரிரு நாளில் வெட்டப்போகும் காய்க்கு இது பொருட்டில்லை. காம்போடு சேர்த்து மேல்பகுதியை எப்படியும் எடுத்துவிடப்போகிறோம். காம்பில்லாத காயைக் கடைக்காரர் விலை குறைத்துத் தந்தால் தாராளமாக வாங்கலாம்.

3. உள்பாத்திரம்: எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்

பரங்கிக்காய்க்குள் நேரடியாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள், சதையிலிருந்து இறங்கும் சர்க்கரையும் துகளும் தண்ணீரைக் கலங்கலாக்கும். அதில் பாக்டீரியா பெருகி, பூத்தண்டுகளின் வெட்டுவாயில் வழவழப்பாக அடைத்துக்கொள்ளும். தண்டு முழுவதும் தண்ணீரில் இருக்க, பூ தாகத்தில் தலை கவிழும். காயின் அடியும் ஊறி இளகி, கசியத் தொடங்கும்.

ஆகவே காய்க்குள் ஒரு பாத்திரம் வேண்டும். பூ குடிக்கும் தண்ணீர் அதற்குள் மட்டுமே இருக்க வேண்டும். காய் வெளிச்சட்டை மட்டுமே. முக்கால் கிலோ தயிர் வரும் பிளாஸ்டிக் டப்பா, அகன்ற வாய் உள்ள அரை லிட்டர் கண்ணாடி ஜாடி, சிறிய எவர்சில்வர் டம்ளர் எதுவும் ஆகும். நீளமான பூக்கள் வைப்பதானால் கண்ணாடி ஜாடி நல்லது, அதன் எடை அலங்காரத்தைச் சாயவிடாது. பிளாஸ்டிக் டப்பா என்றால் அடியில் கூழாங்கல் ஒரு கைப்பிடி போடுங்கள்.

பாத்திரத்தின் விளிம்பு, காயின் வெட்டுவாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் கண்ணுக்குத் தெரியும். மிகவும் கீழே போனால் தண்டுகள் சாய இடமில்லாமல் நேராக நிற்கும். உள்ளே பள்ளம் அதிகம் என்றால் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பாத்திரத்தை வையுங்கள். காகிதத்தைச் சுருட்டி முட்டுக் கொடுக்க வேண்டாம், ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

காய் வாங்கப் போகும்போதே இந்தப் பாத்திரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உயரம் பொருந்துமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். காய் எல்லாப் பக்கமும் பாத்திரத்தைவிட நான்கு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும், சுவரின் தடிமன் அதில்தான் போகும்.

4. எந்தப் பூ, எத்தனை

இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள காய்க்கு ஐந்து பெரிய பூ, எட்டு அல்லது ஒன்பது நடுத்தரப் பூ, எட்டுப் பத்துத் தண்டு இலை, காற்றாட நிற்கும் கதிரோ புல்லோ நான்கைந்து. இது போதும். புதியவர்கள் பூவை அதிகமாகவும் இலையைக் குறைவாகவும் வாங்குகிறார்கள். இலைதான் வெட்டுவாயை மறைக்கிறது, பூக்களைத் தாங்கிப் பிடிக்கிறது. பணம் குறைவாக இருந்தால் பூவைக் குறையுங்கள், இலையைக் குறைக்காதீர்கள்.

இந்தப் பருவத்தில் முதல் இடம் சாமந்திக்கு. விலை மலிவு, இரண்டு வாரம்கூட வாடாமல் நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் சாமந்தியைத் தலையாகக் கிள்ளி மாலை தொடுப்போம். இங்கே தண்டுதான் முக்கியம். கடை வாசலில் தொட்டியில் விற்கும் சாமந்திச் செடியிலிருந்து வெட்டினால் தண்டு குட்டையாக, கிளைத்து, பட்டென்று ஒடியும். தாழ்வான அலங்காரத்துக்கு அதுவும் ஆகும். நீளம் வேண்டுமென்றால் பூக்கடையில் கொத்தாக வாங்குங்கள்.

டாலியா, சினியா இரண்டும் தோட்டத்தில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் முதல் உறைபனியோடு இரண்டும் கருகிவிடும். நவம்பர் விருந்துக்கு அமெரிக்காவின் வட மாநிலங்களில் அவற்றை நம்ப முடியாது. டாலியாவை நன்றாக விரிந்த பிறகே வெட்ட வேண்டும், மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது. வெட்டிய டாலியா நான்கைந்து நாள்தான் நிற்கும். சினியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தலை தளர்ந்து ஆடினால் இன்னும் முற்றவில்லை. தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

கோழிக்கொண்டைப் பூவை நான் மிகவும் விரும்பிச் சேர்ப்பேன். கருஞ்சிவப்பில் வெல்வெட் போலத் தெரியும் அதன் மடிப்புகள் காயின் வழவழப்பான தோலுக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும். காய்ந்த பிறகும் நிறம் போகாது. சூரியகாந்தியில் சிறிய தலை உள்ளதையே எடுங்கள், பெரிய தலை அலங்காரத்தைச் சாய்த்துவிடும். துலுக்கச் சாமந்தியின் தண்டு தண்ணீரில் சீக்கிரம் அழுகும். அதைச் சேர்த்தால் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

பச்சைக்கு யூகலிப்டஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கிளை, நிறம் மாறிய ஓக் இலை. மேப்பிள் இலை பார்க்க அழகு, ஆனால் வெட்டிய ஒரே நாளில் சுருண்டுவிடும். சாலையோரத்தில் மஞ்சள் தோல் வெடித்து ஆரஞ்சுப் பழம் காட்டும் ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட் கொடியைப் பறித்து வராதீர்கள். ஒன்ராறியோவிலும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களிலும் மரங்களைச் சுற்றி நெரிக்கும் ஆக்கிரமிப்புக் கொடி அது. வாசலில் வைத்த அலங்காரத்திலிருந்து பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிவிடும். பழக்கொத்து வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் ஹைபெரிக்கம் போதும்.

நிறம் குறித்து ஒரு கருத்தை உறுதியாகச் சொல்வேன். ஆரஞ்சுக் காயில் ஆரஞ்சுப் பூ வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஆரஞ்சுக் காய்க்குக் கருஞ்சிவப்பு, சந்தன நிறம், மங்கிய ஊதா. ஆரஞ்சுப் பூக்கள்தான் பிடிக்கும் என்றால் வெள்ளைக் காய் வாங்குங்கள். சாம்பல் நீலக் காய்க்கு இளம் செம்மஞ்சள் ரோஜா பொருந்துவதுபோல் வேறெதுவும் பொருந்தாது.

5. பூக்களைத் தண்ணீர் குடிக்க வைத்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. கடையிலிருந்து வந்த பூ தாகத்தோடு வருகிறது. அப்படியே அடுக்கினால், நெருக்கமான ஜாடியில் போட்டி போட்டுக் குடிக்க முடியாமல் வாடும். அடுக்குவதற்கு முன்பே தண்டு முழுவதும் நீர் ஏறியிருந்தால், பிறகு குறைந்த தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும்.

வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி நிரப்பி, பூவோடு வந்த உணவுப் பொட்டலத்தைக் கரையுங்கள். அதில் பூவுக்குச் சர்க்கரையும், தண்ணீரைப் புளிப்பாக்கும் அமிலமும், கிருமி வளராமல் தடுக்கும் மருந்தும் இருக்கின்றன. வீட்டுச் சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து.

ஒவ்வொரு தண்டிலும் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கூர்மையான கத்தரியால் சாய்வாக வெட்டி, உடனே தண்ணீரில் விடுங்கள். சாய்வாக வெட்டினால் தண்டு வாளியின் அடியில் ஒட்டி வாய் அடைபடாது. சாமந்தித் தண்டின் அடிப்பகுதி மரம்போல முற்றியிருந்தால், பச்சையான பகுதி வரும் வரை வெட்டுங்கள். தண்டைச் சுத்தியலால் நசுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நசுங்கிய நார்தான் முதலில் அழுகும்.

தண்ணீருக்குள் இருக்கும் இலை எல்லாவற்றையும் உருவிவிட்டு, குளிர்ந்த, இருட்டான இடத்தில் இரவு முழுவதும் வையுங்கள். அவசரம் என்றால் இரண்டு மணி நேரமாவது.

6. காயை வெட்டுதல்

வெளியே குளிரில் இருந்த காயை ஒரு நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். குளிர்ந்த காயின் மேல் ஈரம் பூத்து, கை வழுக்கும். மண் போகக் கழுவி, நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பெரிய சமையல் கத்தியைத் தொடாதீர்கள். அது சதைக்குள் ஆப்புபோல் இறுகிக்கொள்ளும். வெளியே இழுக்கும் வேகத்தில்தான் கை வெட்டுப்படுகிறது. அக்டோபரில் எல்லாக் கடைகளிலும் விற்கும், பல் வைத்த சிறிய பரங்கிக்காய் ரம்பம் போதும். சுவர் தடிமனான காய்க்குக் குட்டையான, ரம்பப் பல் உள்ள கத்தி. குழந்தைகள் கோடு வரையட்டும், விதை எடுக்கட்டும். வெட்டுவது பெரியவர் வேலை.

ஈரத் துண்டை மடித்து அதன் மேல் காயை வைத்தால் நகராது. காம்பை நடுவாகக் கொண்டு, உள்பாத்திரத்தின் வாயைக் கவிழ்த்து வைக்க முடிந்தால் வைத்து வரையுங்கள். காம்பு இடித்தால், பாத்திரத்தின் வாய் அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி, நடுவில் காம்புக்குத் துளையிட்டு, அதைச் சுற்றி வரையுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு வட்டம். இரண்டாவது வட்டத்தில்தான் வெட்ட வேண்டும். நாளாக ஆக வெட்டுவாய் உலர்ந்து உள்நோக்கிச் சுருங்கும். அந்த அரை சென்டிமீட்டர் இல்லையென்றால் தண்ணீர் மாற்றப் பாத்திரத்தை வெளியே எடுக்க வராது.

ரம்பத்தைச் செங்குத்தாக இறக்குங்கள். இங்கேதான் அனுபவம் உள்ளவர்களே தவறுகிறார்கள். ஹாலோவீன் விளக்குக்கு முகம் செதுக்கிப் பழகிய கை, பழக்கத்தில் உட்பக்கமாகச் சாய்த்து வெட்டும். மூடி உள்ளே விழாமலிருக்க அதற்கு அந்தச் சாய்வு வேண்டும். நமக்கு மூடி திரும்ப வைப்பதில்லை. சாய்த்து வெட்டினால் மேலே பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும் வாய், உட்புறத்தில் ஒன்பதாகக் குறுகும். மேலே பொருந்துகிற டப்பா பாதி வழியில் நின்றுவிடும். அப்போது டப்பாவை அழுத்தித் திணித்தால் காயின் தோளில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடும். விரிசல் விட்ட காயை மீட்க வழி கிடையாது. டப்பா நின்றுவிட்டால் வெளியே எடுத்து, உட்புறச் சதையைக் கரண்டியால் சுரண்டி அகலப்படுத்துங்கள்.

கோடு முழுவதும் முதலில் ஐந்தாறு இடத்தில் குத்தித் துளையிட்டு, பிறகு துளைகளைச் சேர்த்து அறுத்தால் வட்டம் கோணாது. உங்கள் மறு கை எப்போதும் ரம்பத்தின் பின்பக்கம் இருக்கட்டும். மூடி கழன்று வரவில்லை என்றால் காம்பைப் பிடித்து இழுக்க வேண்டாம். மூடியை நான்கு துண்டாகக் கீறி, ஒவ்வொன்றாக எடுங்கள்.

7. குடைதல், கிருமி நீக்கம், உலர்த்தல்

ஐஸ்கிரீம் கரண்டி அல்லது கனமான எவர்சில்வர் கரண்டியால் விதையையும் நாரையும் முழுவதுமாக எடுங்கள். ஒரு நூல் நார்கூடத் தொங்கக் கூடாது, அழுகல் தொடங்குவது நாரில்தான். கரண்டி சுரண்டும் சத்தம் சொரசொரப்பு நீங்கி வழுக்கலாக மாறும் வரை சுரண்டுங்கள். சுவரைமட்டும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே மெலிய விடாதீர்கள்.

சமையலுக்கு வேண்டிய சதையையும் விதையையும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வேலைக்குப் பிறகு இந்தக் காயிலிருந்து எதையும் தின்னக் கூடாது.

நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, துணியை நனைத்து உட்புறத்தையும் வெட்டுவாயையும் துடையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு துப்புரவு மருந்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிறகு காயைக் கவிழ்த்து, கம்பித் தட்டின் மேல் இரவு முழுவதும் உலர விடுங்கள். சோர்வில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஈரமான உட்சுவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே காற்று போகாது. இரண்டாம் நாளே வெள்ளைப் பூஞ்சை தெரியும். உலர்ந்த பிறகு வெட்டுவாயில் மட்டும் மெல்லியதாக வாசலின் தடவினால் ஓரம் சுருங்குவது தாமதமாகும். ஈரமிருக்கும்போது தடவினால் அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

8. தண்டுகளுக்குப் பிடிமானம்

அகன்ற வாய்ப் பாத்திரத்தில் தண்டுகள் ஓரத்துக்கு ஓடும், நடுவில் ஓட்டை விழும். பாத்திரத்தின் வாய்க்குக் குறுக்கும் நெடுக்குமாக ஒளிபுகும் டேப்பை ஒட்டி, சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். விளிம்பு உலர்ந்திருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். கோழிவலைக் கம்பியைப் பந்துபோல் தளர்வாகச் சுருட்டி உள்ளே வைப்பது இன்னும் உறுதியானது. கழுவி அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம்.

தண்ணீரில் ஊறவைத்துத் தண்டுகளைக் குத்தி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டியைப் பலர் கேட்கிறார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு முறை குத்தி எடுத்த தண்டை மீண்டும் வைத்தால் அந்தத் துளையில் காற்று நின்று பூ தண்ணீர் குடிக்காது. கற்றுக்கொள்கிறவர்கள் பத்து முறை எடுத்து வைப்பார்கள். மேலும், நுரைக்கட்டி மக்காத பிளாஸ்டிக். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் காட்சிகளில் அதைத் தடை செய்திருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இருந்து பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்க விடுங்கள். கையால் அமுக்கினால் நடுப்பகுதி நனையாது.

9. அடுக்கும் வரிசை

காயைத் தட்டின் மேல், மேசையில் அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து அடுக்குங்கள். உள்பாத்திரத்தைக் காய்க்குள் இறக்கிவிட்டு, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். முழுவதும் ஊற்றினால் தண்டுகள் நுழையும்போது வழிந்து காய்க்குள் இறங்கும்.

முதலில் இலை. ஓரத்திலிருந்து தொடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து காயின் தோளில் படியும்படி வையுங்கள். தண்டின் வெட்டிய முனை பாத்திரத்தின் எதிர்ப்பக்க அடியைத் தொட வேண்டும். எல்லாத் தண்டும் இப்படிக் குறுக்காகப் போகும்போது உள்ளே பின்னல் ஒன்று உருவாகிறது. பின்னால் வரும் பூக்களை அதுதான் பிடித்துக்கொள்ளும். தண்டை நேராக நிறுத்துவதுதான் புதியவர்களின் மிகப் பெரிய தவறு. நேராக நின்ற தண்டுகள் கட்டி வைத்த துடைப்பமாகத் தெரியும், காயோடு ஒட்டாது.

அடுத்து ஐந்து பெரிய பூ. ஒன்றை நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி உயரமாக, இரண்டைத் தாழ்வாக வெட்டுவாயை ஒட்டி, மற்ற இரண்டை இடைப்பட்ட உயரத்தில். ஒவ்வொன்றின் முகமும் வேறு திசை பார்க்கட்டும். வெட்டும்போது நினைத்ததைவிட நீளமாகவே வெட்டுங்கள், குறைப்பது எளிது. ஒவ்வொரு பூவுக்கும் தண்டின் வாய் தண்ணீரைத் தொடுகிறதா என்று பாருங்கள். குட்டைத் தண்டுகள் கம்பிப் பந்தில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும்.

பிறகு நடுத்தரப் பூக்களை இரண்டு மூன்றாகச் சேர்த்து, பெரிய பூக்களுக்கு இடையில். ஒரு நிறத்தைச் சீராகத் தெளிக்காமல் ஒரு பக்கம் திரட்டி, மறுபக்கம் கொஞ்சமாக வையுங்கள். தோட்டத்தில் பூக்கள் அப்படித்தான் பூக்கின்றன. கதிரும் புல்லும் கடைசி. அவற்றை முன்பே வைத்தால் கை பட்டு ஒடியும்.

உணவு மேசையில் உயரம் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். முழங்கையை மேசையில் ஊன்றி, முஷ்டியை மேலே தூக்கிப் பாருங்கள். அந்த உயரத்தைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. சுவரோரம் வைப்பதானால், காயின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வரை பூக்கள் எழலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து, நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். நின்றபடி அடுக்குகிறவருக்கு மேற்பக்கம் மட்டுமே தெரியும். விருந்தினர் பார்ப்பது பக்கவாட்டை. வெட்டுவாய் எங்கேனும் தெரிந்தால் அங்கே ஒரு இலை.

10. வைக்கும் இடமும் தினசரி கவனிப்பும்

மர மேசையில் தட்டில்லாமல் வைக்காதீர்கள். நல்ல காயும் அடியில் வியர்க்கும், மறுநாள் எடுத்துப் பார்த்தால் பாலிஷில் வட்டக் கறை இருக்கும். ஜன்னல் வெயில், வெப்பக் காற்று வரும் துவாரம், தொலைக்காட்சியின் பக்கம் மூன்றையும் தவிருங்கள். ஆப்பிள், பேரிக்காய்க் கூடையைப் பக்கத்தில் வைப்பது படத்துக்கு அழகு. ஆனால் பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவை வேகமாக மூப்படையச் செய்யும். கார்னேஷன் அதற்கு மிகவும் நொந்துபோகும். காய்ந்த கதிர்கள் இருக்கும் அலங்காரத்தை ஒட்டி மெழுகுவத்தி ஏற்றாதீர்கள்.

தினமும் காலையில் நீண்ட மூக்குள்ள பாத்திரத்தால் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் நாளில்தான் பூக்கள் அதிகம் குடிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை உள்பாத்திரத்தைப் பூவோடு தூக்கி, தொட்டியில் சாய்த்துத் தண்ணீரை மாற்றுங்கள்.

இரவில் வெப்பமில்லாத கராஜில் வைத்தால் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். உறைநிலைக்குப் போகும் இரவென்றால் வேண்டாம். உறைந்த காய் உருகியதும் கஞ்சியாக இளகும். வாசற்படியில் வைத்தால் அணில்கள் வரும், வெட்டிய காயை அவை விடாது.

அடிப்பாகம் அமுங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ காயின் வேலை முடிந்தது. பூக்கள் நன்றாக இருந்தால் உள்பாத்திரத்தை அப்படியே தூக்கி வேறொரு கிண்ணத்தில் வையுங்கள்.

11. வெட்டாமல் செய்யும் வழி

ஒரு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டுமென்றால் காயை வெட்டவே கூடாது. காம்பு உள்வாங்கியிருக்கும் தட்டையான காயை எடுத்து, மேல்பள்ளத்தில் உலர்ந்த பாசியைப் பசையால் ஒட்டி, அதன் மேல் சதைப்பற்றுள்ள சிறு செடிகளின் துண்டுகளைப் பசை வைத்து ஒட்டுவார்கள். துண்டுகளை இரண்டு மூன்று நாள் முன்பே வெட்டி, வெட்டுவாய் காய விட்டிருக்க வேண்டும். வாரம் ஒரு முறை பாசியில் மட்டும் தண்ணீர் தெளித்தால் போதும். தோல் கீறல் படாதவரை காய் சீக்கிரம் அழுகாது. துண்டுகள் பாசிக்குள் வேர் விடும். காய் தளர்ந்ததும் அவற்றைப் பாசியோடு பெயர்த்துத் தொட்டியில் நட்டுவிடலாம்.

12. முடிந்த பின்

எடுத்து வைத்த விதைகளைக் கழுவித் துணியில் உலர்த்தி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் புரட்டி, 160 டிகிரி செல்சியஸ் அடுப்பில் இருபது நிமிடத்துக்கு மேல், பொன்னிறமாகும் வரை வறுங்கள். சுகர் பம்ப்கின் சதை சாம்பாருக்கும் பச்சடிக்கும் ஆகும். முகம் செதுக்கும் காயின் சதை நீர்த்து நாராக இருக்கும், அதைச் சமைக்க மெனக்கெட வேண்டாம்.

குடைந்த காயைப் பூங்காவிலோ காட்டிலோ போடாதீர்கள். பிளீச்சும் வாசலினும் பட்டதை விலங்குகள் தின்னக் கூடாது. டேப்பு, கம்பி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, உங்கள் நகராட்சி சொல்லும் மட்கும் குப்பைத் தொட்டியில் சேருங்கள். கோழிக்கொண்டையையும் கதிர்களையும் எறிய வேண்டாம். தண்டைத் துடைத்து, தலைகீழாகக் கட்டி, காற்றோட்டமான இருட்டு அறையில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் அடுத்த அலங்காரத்துக்குத் தயார்.